அண்ணனுக்கு என்ன ஆயில் ஊத்தறது?

பழைய கார் வெச்சிருக்கறவங்க கிட்ட ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டா போதும், சாயங்காலம் முழுக்க பேசுவாங்க. ஒண்ணு, மைலேஜ் எவ்வளவு குடுக்குது? ரெண்டு, என்ன எஞ்சின் ஆயில் ஊத்தறீங்க? முதல் கேள்விக்கு எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க. அதை விட்டுடலாம். ரெண்டாவது கேள்வி இருக்கே, அது மதம் மாதிரி. ஆளாளுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் மேல அசைக்க முடியாத நம்பிக்கை. ஏன்னு கேட்டா மட்டும் "நான் இருபது வருஷமா அதைத்தான் ஊத்தறேன்"ங்கறதைத் தாண்டி பதில் வராது.

எங்க வீட்டு வண்டி 1996 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர். என்னை விட ஒரு வயசு மூத்தது, அதனால வீட்டுல அதுக்குப் பேரு அண்ணன். திருச்சியில அப்பா அம்மாவோட இருக்கு. நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கறதோட சரி. அம்மாவுக்கு முட்டி வலி, டவுன் பஸ் படி ஏற முடியாது. ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம் எல்லாத்துக்கும் அண்ணன்தான். அப்பாவுக்கு எழுபது வயசு ஆகப்போகுது. இந்த வண்டியோட கிளட்ச்சும் கியரும் அவருக்குக் கைப்பழக்கம். வேற வண்டி வாங்கித் தர்றேன்னா "இனிமே புதுசா பழகற வயசா எனக்கு?"ங்கறார். அதாவது அண்ணன் நின்னா, அவங்க ரெண்டு பேரோட வெளியுலகமும் பாதி நின்னுடும்.

அந்த அண்ணன் போன வருஷம் ஆயில் குடிக்க ஆரம்பிச்சார். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர். காலையில ஸ்டார்ட் பண்ணா பின்னாடி ஊதா புகை. விஷயம் தெரு பூரா பரவி, மூணு வைத்தியம் வந்துச்சு.

அப்பாவோட வாக்கிங் சிநேகிதர் சொன்னது: "எஞ்சின் தேஞ்சு போச்சு சார். 20டபிள்யூ50 ஊத்துங்க, கெட்டியா நிக்கும்."

கார் பைத்தியமான என் அத்தை பையன் சொன்னது: "ஃபுல் சிந்தெட்டிக் 5டபிள்யூ30 போடு மச்சான். வெண்ணெய் மாதிரி ஓடும்."

வண்டியைப் பல வருஷமா பார்க்கற மெக்கானிக் பாய் சொன்னது: "எப்பவும் ஊத்தற ட்வென்ட்டி ஃபார்ட்டியே போதும் தம்பி. ஆனா புகைக்கு ஆயில் மருந்து இல்ல."

கூடவே ஒரு புரோக்கர், "எஞ்சின் வேலைக்கு இருபத்தஞ்சாயிரம் ஆகும், அதுக்கு இந்த வண்டியை எங்கிட்ட தள்ளிடுங்க"ன்னு அப்பா காதுல ஓதிட்டுப் போயிருந்தார். அப்பாவும் பாதி மனசுக்கு வந்துட்டார்.

நமக்குத்தான் எதையும் சும்மா விடத் தெரியாதே. ஆபீஸ்ல ஒரு பக் வந்தா லாக் பார்க்காம கோடுல கை வைப்போமா? அதே மாதிரி இதையும் முதல்ல இருந்து பார்த்துடுவோம்னு உக்காந்தேன். பழைய வண்டி வெச்சிருக்கற வேற யாருக்காவது உதவும்னு தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் இங்க எழுதி வைக்கறேன். நீளமான பதிவு, காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல அந்த நம்பர்.

20டபிள்யூ40ல டபிள்யூன்னா விண்டர், குளிர்காலம். முன்னாடி இருக்கற 20 குளிர்ல ஆயில் எப்படி நடந்துக்கும்னு சொல்லுது. பின்னாடி இருக்கற 40 எஞ்சின் சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா இருக்கும்னு சொல்லுது. அமெரிக்காவோட எஸ்ஏஈ அமைப்பு ஜே300னு ஒரு தர அட்டவணை வெச்சிருக்கு, இந்த நம்பர் எல்லாம் அதுல இருந்து வர்றதுதான்.

இதுல நிறைய பேருக்கு ஒரு குழப்பம். "குளிர்ல 20 மாதிரி இளகலா இருந்து, சூட்டுல 40 மாதிரி கெட்டியாகும்"னு நினைச்சுக்கறாங்க. எந்த எண்ணெயும் சூடானா கெட்டியாகாது. மார்கழியில பாட்டில்ல உறைஞ்சு நிக்கற தேங்காயெண்ணெய் வெயில்ல வெச்சா என்ன ஆகுது? அதேதான். 20டபிள்யூ40 சூட்டுல பல மடங்கு இளகத்தான் செய்யும். ஆனா 100 டிகிரியில அளந்து பார்த்தா, 40ங்கற தரத்துக்கு உண்டான கெட்டித்தன்மை அதுல மிச்சம் இருக்கும். சுருண்டு கிடந்து சூட்டுல விரியற பாலிமர்களைக் கலந்து, ரொம்ப இளகிப் போகாம பிடிச்சு வைக்கறாங்க. மல்டிகிரேடுங்கறது இதுதான்.

அந்த 100 டிகிரி கணக்கைக் கொஞ்சம் பாருங்க. அளவு சென்டிஸ்டோக்ஸ்ல.

30 தரம்: 9.3ல இருந்து 12.5க்குள்ள
40 தரம்: 12.5ல இருந்து 16.3க்குள்ள
50 தரம்: 16.3ல இருந்து 21.9க்குள்ள

30க்கும் 50க்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம் வரலாம். ரசத்துக்கும் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கங்க.

முன்னாடி நம்பருக்கு வருவோம். 20டபிள்யூ ஆயிலைக் குளிர்ல ஸ்டார்ட் ஆகுதான்னு சோதிக்கறது மைனஸ் 15 டிகிரியில. 5டபிள்யூவை மைனஸ் 30ல. திருச்சியில மார்கழி விடியக்காலையில கூட 18 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். சித்திரையில 40 டிகிரி சாதாரணம். அதனால 5டபிள்யூ இல்லாம நம்ம ஊர்ல வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்கற பேச்சுக்கே இடமில்லை. காலையில முதல் சில நொடிகள்ல ஆயில் மேல கேம்ஷாஃப்ட் வரைக்கும் ஏறணும், அதுல இளகலான ஆயில் கொஞ்சம் முந்தும். அந்த லாபம் உண்மை. ஆனா நம்ம வெயிலுக்கு அது சின்ன லாபம்தான். லே, லடாக்ல இருக்கறவங்க கணக்கு வேற.

சரி, அத்தை பையனோட 5டபிள்யூ30 ஏன் வேண்டாம்?

எஞ்சினுக்குள்ள கிராங்க்ஷாஃப்ட்டும் பேரிங்கும் நேரடியா உரசிக்கறதில்லை. நடுவுல ஒரு மெல்லிசான ஆயில் படலம் ஆப்பு மாதிரி புகுந்து ரெண்டையும் பிரிச்சு வைக்குது. அந்தப் படலம் எவ்வளவு கனமா நிக்கும்ங்கறது ஆயிலோட கெட்டித்தன்மை, சுத்தற வேகம், நடுவுல இருக்கற இடைவெளி மூணையும் பொறுத்தது. இன்னிக்கு வர்ற வண்டிகள்ல இந்த இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாத்தையும் 0டபிள்யூ20, 5டபிள்யூ30 மாதிரி மெலிசான ஆயிலுக்குன்னே டிசைன் பண்றாங்க, மைலேஜ் கிடைக்கும்னு. அந்தக் காலத்துல வரைஞ்ச எஞ்சின், அதுவும் வருஷக்கணக்கா ஓடித் தேஞ்சு இடைவெளி அதிகமானது, அந்தக் கணக்குல வராது. ஐடில்ல ஆயில் லைட் மினுக் மினுக்குன்னு எரிய ஆரம்பிக்கும். தேஞ்ச சீல், ரிங் வழியா இன்னும் சுலபமா வெளியேறும்.

அப்படின்னா வாக்கிங் சிநேகிதரோட 20டபிள்யூ50 சரிதானே? கெட்டியா இருந்தா நல்லதுதானே?

அங்கதான் விஷயமே. கெட்டி ஆயில் ஊத்தினா ஆயில் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினா நிறைய ஆயில் ஓடுதுன்னு அர்த்தம் இல்லை. தண்ணி வர்ற ஹோஸ் பைப்பை விரலால அழுத்திப் பிடிச்சா பைப்புக்குள்ள அழுத்தம் ஏறும், வெளிய வர்ற தண்ணி கூடாது. பம்ப்ல ஒரு ரிலீஃப் வால்வ் இருக்கு, அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினா மிச்ச ஆயிலைத் திரும்ப கீழயே விட்டுடும். காலையில 50 ஆயில் கெட்டியா இருக்கும்போது இதுதான் நடக்கும். லைட் அணைஞ்சுடும், மனசு நிம்மதியாயிடும், ஆனா கேம்ஷாஃப்ட் இன்னும் கொஞ்ச நேரம் ஆயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். வீட்டுல இருந்து ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். ஆயில் நல்லா சூடாகி இளகறதுக்குள்ள பயணமே முடிஞ்சுடும். அந்த மாதிரி வண்டிக்கு 50 சரிப்படாது.

நிஜமாவே பேரிங் தேஞ்சு, வெயில்ல நீண்ட தூரம் ஓடி, சூடான எஞ்சின்ல பிரஷர் நிக்காத வண்டிக்கு 50 ஒரு தற்காலிக முட்டுக்கட்டை. அதுல தப்பில்லை. ஆனா தேஞ்சிருக்கான்னு பார்க்காமலே ஊத்தறது, காய்ச்சல் எதனாலன்னு பார்க்காம மாத்திரை போடற கதை.

அடுத்து, நம்பரை விட முக்கியமான, ஆனா கேன்ல யாரும் படிக்காத ரெண்டு எழுத்து. ஏபிஐ தரம். பெட்ரோல் எஞ்சினுக்கு எஸ்ல ஆரம்பிக்கும். எஸ்ஏல தொடங்கி எஸ்எஃப், எஸ்ஜி, எஸ்எச்னு வந்து, எஸ்ஜே, எஸ்எல் (2001), எஸ்எம் (2004), எஸ்என் (2010), எஸ்பி (2020), எஸ்க்யூ (2025) வரைக்கும் வந்திருக்கு. ரெண்டாவது எழுத்து பின்னாடி போகப் போக ஆயில் புதுசு. அழுக்கைக் கழுவறது, சூட்டுல கெட்டுப் போகாம தாங்கறது எல்லாம் மேம்பட்டிருக்கும். நம்ம பாஷையில சொன்னா பேக்வேர்ட் கம்பாட்டிபிள். பழைய எழுத்து கேட்ட வண்டிக்குப் புது எழுத்து ஊத்தலாம்.

இங்க பழைய வண்டிக்காரங்க நியாயமா கேக்கற ஒரு கேள்வி இருக்கு. "புது ஆயில்ல ஜிங்க் குறைச்சுட்டாங்களாமே?" உண்மைதான். இசட்டிடிபின்னு ஜிங்க்கும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்து. கேம்ஷாஃப்ட் மாதிரி ஆயில் படலம் கிழியற இடங்கள்ல இது ஒரு தியாகப் படலமா படிஞ்சு, இரும்புக்குப் பதிலா தான் தேயும். மாருதி 800ல கேம் மேல ராக்கர் ஆர்ம் உரசிக்கிட்டே போகும், அதுக்கு இது தேவை. ஆனா பாஸ்பரஸ் புகையோட போய் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால எஸ்எம் தரத்துல இருந்து பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு.

கேக்கறவங்க பாதியில விட்டுடற இடம் இதுதான்: அந்த உச்சவரம்பு 5டபிள்யூ30, 10டபிள்யூ30 மாதிரி மெலிசான தரங்களுக்குத்தான். 15டபிள்யூ40, 20டபிள்யூ40க்கு அந்த உச்சவரம்பு கிடையாது. அண்ணன் மாதிரி வண்டிக்கு 40 ஆயில் பக்கம் நிக்கறதுக்கு இது இன்னொரு காரணம். நம்ம நாட்டுல புது பெட்ரோல் கார்களுக்குக் கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானதே 1995 ஏப்ரல்ல, அதுவும் முதல்ல நாலு பெருநகரங்கள்ல மட்டும்தான். அண்ணன் கிட்ட அது இல்லை, கெடறதுக்கும் ஒண்ணும் இல்லை.

சிந்தெட்டிக் ஊத்தினா பழைய வண்டி ஒழுகுமா? ஆரம்பகால சிந்தெட்டிக் ஆயில்கள் சில ரப்பர் சீல்களைச் சுருங்க வெச்சது உண்டு, அந்தக் கெட்ட பேரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்ப வர்றதுல அதுக்குச் சேர்மானம் சேர்த்துடறாங்க. ஆனா ஏற்கனவே வெடிச்ச சீலை அழுக்கு அடைச்சுக்கிட்டு இருந்தா, நல்லா கழுவற ஆயில் அந்த அழுக்கை எடுத்துடும், ஒழுகல் தெரிய வரும். ஆயில் புதுசா ஓட்டை போடாது, இருந்த ஓட்டையைக் காட்டிக் குடுக்கும். இன்னொண்ணு, கேன்ல சிந்தெட்டிக்னு போட்டிருக்கறது எல்லாம் ஆய்வகத்துல கட்டிச் சேர்த்தது இல்லை. கச்சா எண்ணெயை ரொம்ப நல்லா சுத்திகரிச்சு எடுக்கற குரூப் 3 எண்ணெயையும் சிந்தெட்டிக்னு சொல்லலாமான்னு மொபில், காஸ்ட்ரால் நடுவுல அமெரிக்காவுல ஒரு பஞ்சாயத்து. 1999ல தீர்ப்பு காஸ்ட்ரால் பக்கம். குரூப் 3 ஒண்ணும் மோசமில்லை, நல்ல எண்ணெய்தான். விலை வித்தியாசத்தைப் பார்த்து மயங்காதீங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

இப்ப அசல் கேள்வி. ஆயில் எங்க போகுது?

இதுக்கு பாய் சொன்னதுதான் வேதம். புகையைப் பார்க்கணும், அதோட நேரத்தையும் பார்க்கணும். ராத்திரி நின்னு காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஊதா புகை ஒரு தடவை வந்து நின்னா, வால்வ் சீல். மேல இருந்து ராத்திரி பூரா சொட்டின ஆயில் காலையில எரியுது. ஆக்சிலரேட்டரை மிதிச்சு ஏத்தத்துல போகும்போதெல்லாம் ஊதா புகை வந்தா, பிஸ்டன் ரிங். கறுப்பா வந்தா ஆயில் இல்லை, பெட்ரோல் அதிகம், கார்புரேட்டரைப் பாருங்க. விடாம வெள்ளையா வந்து ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சா ஹெட் கேஸ்கட், அன்னிக்கே வண்டியை நிறுத்துங்க.

அண்ணனுக்குக் காலையில மட்டும்தான் புகை. நான் ஊருக்குப் போயிருந்த வாரம் ஐடில்ல விட்டு ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பார்த்தோம். ரிங் போன எஞ்சின்னா அங்க புஸ் புஸ்ஸுன்னு புகை தள்ளும். தள்ளலை. அப்புறம் பாய் பிளக்கை எல்லாம் கழட்டி கம்ப்ரஷன் கேஜ் வெச்சார். மூணு சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேஞ்சிருந்தா அந்த ஆயில் இடைவெளியை அடைச்சு கம்ப்ரஷன் விறுவிறுன்னு ஏறும். பெருசா ஏறலை. அரை மணி நேர வேலை. அப்பா பக்கத்துல நின்னு முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தார், சொந்த ஈசிஜி பார்க்கற மாதிரி.

"கீழ கல்லு மாதிரி இருக்கு சார். மேல ரப்பர்தான் போச்சு"ன்னார் பாய். ரீபோர் வேண்டாம், எஞ்சின் இறக்க வேண்டாம். ஹெட்டை மட்டும் கழட்டி வால்வ் சீல், ஹெட் கேஸ்கட், கையோட டைமிங் பெல்ட்டும் மாத்தினார். புரோக்கர் சொன்ன தொகையில மூணுல ஒரு பங்கு கூட ஆகலை.

ஆயில்? 15டபிள்யூ40, ஏபிஐ எஸ்என், மினரல். பாய் ஊத்தற 20டபிள்யூ40க்கும் இதுக்கும் சூட்டுல ஒரே தரம், காலையில இது கொஞ்சம் சீக்கிரம் ஏறும். "அது டீசல் வண்டி ஆயில் தம்பி"ன்னு பாய் முகம் சுளிச்சார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கடையில 15டபிள்யூ40 கேட்டா டீசலுக்கானதைத்தான் எடுத்துத் தருவாங்க. சில கேன்ல ரெண்டு தரமும் போட்டிருக்கும். சில கேன்ல சீல ஆரம்பிக்கற டீசல் தரம் மட்டும் இருக்கும். எஸ் எழுத்தைக் காட்டினேன், படிச்சுப் பார்த்துட்டு சரின்னுட்டார். அது கிடைக்கலைன்னா நல்ல 20டபிள்யூ40யே தாராளம், அதுக்காகக் கடை கடையா ஏறி இறங்க வேண்டாம்.

பழைய வண்டிக்காரங்களுக்குச் சுருக்கமா சில விஷயம்:

1. கம்மியா ஓடற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீங்க, காலண்டர் பாருங்க. குட்டி குட்டிப் பயணத்துல ஆயில் முழுசா சூடாகாது. உள்ள தண்ணியும் எரியாத பெட்ரோலும் தங்கும். அப்பாவுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்.

2. கேஜை எடுத்தா அளவை மட்டும் பார்க்காம மோந்தும் பாருங்க. பெட்ரோல் வாசம் அடிச்சாலோ, ஊத்தாமலே அளவு ஏறினாலோ, கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் பம்ப்போட டயஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் ஆயில்ல கலக்குதான்னு பாருங்க. நாப்பதாம் நம்பர் ஆயிலை அது சத்தமில்லாம முப்பதாக்கிடும்.

3. ஆயில் கறுத்தா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. அழுக்கைக் கழுவித் தன்கிட்ட வெச்சிருக்குன்னு அர்த்தம். மோர் மாதிரி வெளுத்தாத்தான் பயப்படணும், தண்ணி கலந்திருக்கு.

4. முப்பது வருஷ எஞ்சின்ல ஃப்ளஷ் ஊத்திக் கழுவறேன்னு கிளம்பாதீங்க. பேர்ந்த கசடு பம்ப்போட சல்லடையை அடைக்கும். நல்ல ஆயிலை ரெண்டு மூணு தடவை சீக்கிரம் சீக்கிரம் மாத்தினா மெதுவா தானே சுத்தமாகும்.

5. பழைய ஆயிலை சாக்கடையில விடாதீங்க. வொர்க்‌ஷாப் டிரம்ல குடுத்துடுங்க.

வேலை முடிஞ்சு 1500 கிலோமீட்டர் ஓடியாச்சு. அப்பா ஒரு டைரியில ஞாயித்துக்கிழமை தவறாம கேஜ் அளவு எழுதறார், என் ஸ்ப்ரின்ட் ரிப்போர்ட்டை விட ஒழுங்கா இருக்கு :-) மேல் கோட்டுல இருந்து அரை விரல் கூட இறங்கலை. புரோக்கர் மறுபடி ஒரு நாள் வந்திருக்கார். "வண்டி குடுக்கறதா இல்லைங்க, எங்க பெரிய பையன் அது"ன்னு அம்மாவே சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

உங்க வீட்டுல பத்மினியோ அம்பாசிடரோ இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா, அதுக்கு என்ன ஊத்தறீங்க, ஏன் ஊத்தறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. "இருபது வருஷமா அதைத்தான் ஊத்தறேன்"னு மட்டும் சொன்னீங்கன்னா செல்லாது, சொல்லிட்டேன்.